கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர்

சிறுமலை ஏற்றத்தில் சோலைமலையின் லாரி விசில் அடிப்பதைப் போன மழைக்காலத்தோடு நிறுத்திவிட்டது.

விசில் என்றால் ஹாரன் இல்லை. டர்போ வைத்த டீசல் வண்டி பாரத்தோடு மேடு ஏறும்போது, எஞ்சினின் உறுமலுக்கு மேலே மெல்லிசாக ஒரு சீட்டிச் சத்தம் எழும். டீசல் தடையில்லாமல் போனால்தான் எஞ்சின் இழுக்கும். எஞ்சின் இழுத்தால்தான் டர்போ சுற்றும். டர்போ சுற்றினால்தான் அந்தச் சத்தம். ஐம்பத்தைந்தைத் தாண்டிய சோலைமலைக்கு வண்டி ஓட்டுகிற கணக்கு அவ்வளவும் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. கியரைக் குறைப்பதா, மிதித்துப் பிடிப்பதா என்று அதுதான் சொல்லும். அவர் மீட்டர்களைப் பார்த்து வண்டி ஓட்டியவர் இல்லை. வேகத்தைக் காட்டுகிற முள் செத்துப் பல வருஷமாகியும் அதை மாற்ற வேண்டுமென்று அவருக்குத் தோன்றியதில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் ஏற்றத்தில் விசில் தேய்ந்த மாதிரி இருந்தது. பிறகு வளைவுக்கு வளைவு தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போயிற்று. அடியில் உறுமல் மட்டும் கேட்டது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிறவன் குரல் மாதிரி.

எஞ்சினுக்கு டீசல் போதவில்லை என்று அவர் முடிவு கட்டினார். முதலில் டீசல் பில்டரை மாற்றினார். டேங்கைக் கழற்றிக் கழுவினார். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ்களைப் புதிதாகப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாகப் பேகம்பூரில் பம்ப் வேலை பார்க்கும் அப்துல் ஹக்கீமிடம் டீசல் பம்பையே கழற்றிக் கொடுத்தார்.

ஹக்கீம் வெறும் மெக்கானிக் இல்லை. இரண்டு பேருக்கும் கல்யாணத்துக்கு முந்தைய சிநேகிதம். சோலைமலை மகள் ஜீவிதாவின் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர் ஹக்கீம். ஹக்கீமின் அத்தா மௌத்தானபோது அடக்கத்துக்கு ராமநாதபுரத்துச் சொந்தக்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தவர் சோலைமலை. பம்பைப் பிரித்துத் தேய்ந்ததையெல்லாம் மாற்றி, ஓட்டிப் பார்த்து மாட்டிக் கொடுத்துவிட்டு, "இனி கல்யாண மாப்ள மாதிரி போகும் பாரு சோலை" என்றார் ஹக்கீம்.

மறுநாள் ஏற்றத்தில் விசில் வரவில்லை.

அன்றைக்கு நத்தம் ரோட்டில் பேச்சாயியின் டீக்கடையில் நாலு லாரிக்காரர்கள் இருக்கும்போது சோலைமலை சொன்ன வார்த்தை இதுதான்: "பாய்க்குக் கை போயிருச்சுப்பா. உசுரோட பம்பைக் கொடுத்தேன், பொணமாத் திருப்பிக் கொடுத்தாரு."

டீக்கடையில் விழுந்த வார்த்தை டீக்கடையில் நிற்காது. அடுத்து பம்ப் வேலை வந்த இரண்டு பேர் ஹக்கீமை விட்டு மதுரைக்குப் போனார்கள். சொன்னது யாரென்று ஹக்கீமுக்குத் தெரிந்தது. ஆனால் வந்து கேட்கவில்லை. வழியில் எதிரே வந்தால் சோலைமலையின் முகத்தைப் பார்க்காமல் லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டு போனார்.

இதற்கு நடுவே சோலைமலைக்கு ஏற்றத்தில் பயம் வந்துவிட்டது. பாரத்தோடு வளைவில் திரும்பும்போது எஞ்சின் நின்றுபோனால் வண்டி பின்னால் உருளும். அதனால் ஒன்றாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனார். பின்னால் வருகிறவர்கள் திட்டினார்கள். மேலே சிமெண்டும் செங்கலும் அனுப்பி, கீழே வாழைத்தார் இறக்கும் கமிஷன் மண்டி பொம்மையன் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"சோலையண்ணே, வண்டிக்கு முடியலைன்னா சொல்லிருங்க. பழம் மேலயே பழுத்துப் போகுது. நான் வேற வண்டி பாத்துக்கிறேன், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

சோலைமலைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போனது பம்பா, வண்டியா? பம்ப் என்றால் வேறு ஆளிடம் கொடுக்கலாம். வண்டியே போய்விட்டது என்றால் விற்க வேண்டியதுதான். வண்டி போனால் மலை போகும். மலையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது, வேறு பெருமையும் கிடையாது. 'சிறுமலையில கண்ணைக் கட்டி விட்டாலும் சோலை வண்டி வீடு வந்து சேரும்' என்று ஆட்கள் பேசிக்கொள்வது அவர் காதில் விழாமல் இல்லை. விழுந்த காலத்தில் விழுந்தது.

சாணார்பட்டி வீட்டில் அவர் மனைவி சண்முகவள்ளிக்கு வேறு குறை.

"குக்கர் விசில் அடிச்சா அடுப்பை அமத்துங்கண்டு சொல்லிட்டுத்தான தண்ணிக்குப் போனேன். பருப்பு அடிபிடிச்சுக் கெடக்கு."

"அடிச்சாத்தான அமத்துவேன். அது எங்க அடிச்சுச்சு?"

"தெருக்கோடி வரைக்கும் கேட்குது. பக்கத்துல உக்காந்திருக்கவுகளுக்குக் கேட்கலையாக்கும்."

"கேஸ்கட் போயிருச்சுடி. ஆவி அங்கிட்டுக்கூடி ஒழுகுது, விசில் எப்படி வரும்? நாளைக்கு வாங்கியாரேன்."

"போன மாசமும் இதேதான் சொன்னீங்க. புதுசு போட்டாச்சு."

"அப்ப வெயிட்டு அடைச்சிருக்கும்" என்று சொல்லி, மூடியின் மேல் இருக்கும் குண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஊதிப் பார்த்தார். அடைப்பு ஒன்றும் இல்லை. சண்முகவள்ளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவோ சொல்லிக்கொண்டே அடிபிடித்த குக்கரைத் தேய்க்கப் போனாள். கொஞ்ச காலமாகவே அவள் அப்படித்தான். முணுமுணுத்துக்கொண்டே பேசுகிறாள் என்று அவருக்கு அவள் மேல் எரிச்சல். ஜீவிதா போனில் பேசினாலும் அப்படித்தான் இருந்தது. பேத்தி என்னவோ சொல்வாள், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். டவர் சரியில்லை என்று போனை மனைவியிடம் கொடுத்துவிடுவார்.

டீசல் பிரஷர் மீட்டர் என்று ஒன்று உண்டு என்பதை ஒட்டன்சத்திரத்து டிரைவர் ஒருவர் சொன்னார். "ஏனுங்க இப்படிக் குழம்புறீங்க, ஒரு மீட்டரை மாட்டி ஏத்தத்துல பாருங்க. டீசல் போகுதா இல்லையான்னு முள்ளே சொல்லிரும். ஆளு பொய் சொல்லலாமுங்க, முள்ளு சொல்லாதுங்க." சோலைமலைக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்திருந்தது. முள் சரிந்தால் பாயின் பம்ப் நாறிப்போகும். டீக்கடையில் தான் சொன்னது நியாயம் என்று ஆகிவிடும்.

திண்டுக்கல் ஸ்டேஷன் ரோட்டில் மீட்டர் வகைகள் விற்கும் கடை வைத்திருந்தவர் மரியநாதபுரத்துப் பெலிக்ஸ். சோலைமலை போய் நின்றதும் கேள்விகளாக அடுக்கினார்.

"எத்தனை கிலோ பிரஷர் வரைக்கும் வேணும்ண்ணே? மரை என்ன சைஸு? பில்டருக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சோலைமலைக்கு ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததில் பெரிய மீட்டரைக் காட்டினார். "அது. பெருசா இருக்கு, நல்லாத் தெரியும்."

பெலிக்ஸ் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு என்னவோ கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். அதற்கும் இல்லை. டீக்கடைப் பேச்சைக் கேள்விப்பட்டிருந்த பெலிக்ஸ், மனுஷனுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, யாருக்கோ போன் போட்டார். செத்த நேரத்தில் கடை வாசலில் டி.வி.எஸ். வண்டியை நிறுத்திவிட்டு ஹக்கீம் உள்ளே வந்தார். சோலைமலையைப் பார்த்ததும் நின்றார்.

"யாருக்குண்டு சொல்லலையே பெலிக்ஸ்."

"சொன்னா வந்திருப்பீங்களா பாய்?"

ஹக்கீம் திரும்பிப் போகவில்லை. பெரிய மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பெலிக்ஸிடமே பேசினார். "இது இருபத்தஞ்சு கிலோ பிரஷர் காட்டுற மீட்டர், காத்தடிக்கிற மிஷினுக்குப் போடுறது. டீசல் லைனுக்கு இதைப் போட்டா, பந்திக்கு வந்தவன் செருப்பு விடுற எடத்துலயே நிக்கிற மாதிரி முள்ளு மூலையிலயே நிக்கும். ரெண்டு கிலோ வந்தாலும் ஒண்ணு வந்தாலும் ஒண்ணும் தெரியாதுண்டு அவருகிட்ட சொல்லு."

"பக்கத்துலதான் நிக்கிறாரு பாய்."

"நீ சொல்லு."

பெலிக்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். சோலைமலை மீட்டரைப் பார்த்தபடியே, "அப்ப எது போடணுமாம், அதையும் கேளு" என்றார்.

"நாலு கிலோ வரைக்கும் காட்டுற மீட்டரு. இவரு வண்டிக்கு, நல்லா இருக்கிற பம்புக்கு" என்று அந்த 'நல்லா'வை ஹக்கீம் அழுத்திச் சொன்னார், "ரெண்டுக்கு மேல நிக்கும். வட்டத்துக்கு நடுவுல நிக்கும். சரிஞ்சா கண்ணுல அடிக்கும். உள்ள எண்ணெய் நிரப்புனதாக் குடு. இல்லைன்னா முள்ளு ஆடி ஆடியே செத்துப்போகும்."

பெலிக்ஸ் இன்னொன்றையும் எடுத்து வைத்தார். "கரண்ட்ல வேலை செய்யுற மீட்டரும் இருக்குண்ணே. சென்சார் மட்டும் கீழ இருக்கும். வயரை மேல இழுத்து டேஷ்போர்டுலயே வச்சுக்கலாம். டீசல் கேபினுக்குள்ள வராது."

"வேணாம்" என்றார் சோலைமலை. "வயர் போற வழியில யாராவது கை வச்சா, முள்ளு அவுக சொல்றதைச் சொல்லும்."

ஹக்கீமின் முகம் சுருங்கியது. ஆனாலும் குரல் உயரவில்லை. "என்னையத்தான் சொல்றாரு. சரி, டீசலே நேரா வந்து முள்ளைத் தள்ளுற மீட்டரே குடு. ஆனா அதைக் கேபினுக்குள்ள வைக்க மாட்டேன். ஹோஸ் விட்டுப்போனா மடியில டீசல் கொட்டும். வெளிய, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி நிக்கிற கம்பியில கட்டுறேன். கண்ணாடி பாக்குறப்ப முள்ளையும் பாக்கலாம்."

"எங்கன வேணா கட்டச் சொல்லு. எனக்கு முள்ளு தெரியணும்."

"இன்னொண்ணும் சொல்லு பெலிக்ஸ். மாட்டுறதும் நான்தான் மாட்டுவேன். ஏத்தத்துல பக்கத்து சீட்டுல நானும் உக்காருவேன். முள்ளு சரிஞ்சா, பேச்சாயி கடையில நானே நிண்டு சொல்றேன், என் கைதான் போயிருச்சுண்டு. சரியலைன்னா அவரு என்ன சொல்லணுமோ அவரு சொல்லட்டும்."

மறுநாள் காலையில் பேகம்பூர் ஷெட்டில் வேலை நடந்தது. திருடனுக்குக் காவல் நிற்கிறவர் போல சோலைமலை ஹக்கீமின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அந்தக் கையில் குறையொன்றும் தெரியவில்லை. கடைசி பில்டரிலிருந்து டீசல் பம்புக்குப் புறப்படும் இடத்தில் இருந்த போல்ட்டைக் கழற்றிவிட்டு, தலையிலும் துளையிட்ட புதுப் போல்ட்டை ஹக்கீம் மாட்டினார். பழைய செம்பு வாஷர்களைத் தூக்கிப் போட்டார். "பழசைத் திருப்பிப் போட்டா அழுதுக்கிட்டே இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முள் துடிக்காமல் இருக்க ஊசித்துளை போட்ட ஒரு சிறு துண்டை இடையில் சேர்த்தார். மெல்லிய ஹோஸைச் சைலன்சரின் சூட்டில் படாமல் சேசிஸ் ஓரமாகக் கொண்டுபோய், எங்கும் உரசாதபடி கிளிப் போட்டு, கண்ணாடிக் கம்பி வரைக்கும் ஏற்றினார். கைப்பம்பை அழுத்தி அழுத்தி, டீசலில் காற்றுக் கொப்புளம் நிற்கும் வரை காத்திருந்தார். எஞ்சினை ஓடவிட்டபின் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத்துணியால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார்.

முள் எழுந்து இரண்டைத் தாண்டி நின்றது.

"நிக்கிற வண்டியில எல்லா முள்ளும் நல்ல பிள்ளைதான்" என்றார் சோலைமலை. "ஏத்தத்துல பாப்போம்."

ஹக்கீம் பழக்க தோஷத்தில் நீளத் திருப்புளியை எடுத்து, அதன் முனையைப் பம்பின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். சண்டை மறந்துபோய் அதைச் சோலைமலையிடம் நீட்டினார். எத்தனையோ தடவை இரண்டு பேரும் அப்படி மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். சோலைமலை காதில் வைத்துக்கொண்டார். அடியில் தட்டுவது மட்டும் கேட்டது, தூரத்தில் யாரோ மெத்தையை அடிப்பது போல.

"மேல்சத்தமே இல்ல பாருங்க" என்றார்.

ஹக்கீம் திருப்புளியை வாங்கி மறுபடியும் கேட்டார். அவர் புருவம் சுருங்கியது. சோலைமலையை ஒரு பார்வை பார்த்தார். திருப்புளியைத் துடைத்துப் பெட்டியில் போட்டார்.

பொம்மையனின் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் புறப்பட்டார்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. சோலைமலை பாதி ரோட்டையும் பாதி முள்ளையும் பார்த்தார். முதல் வளைவில் முள் இரண்டைத் தாண்டி நின்றது. இரண்டாம் வளைவில் நூல் அளவு இறங்கி, நேர் ரோட்டில் பழையபடி ஏறிக்கொண்டது.

இன்னும் ஏற்றம் கூடட்டும், சரியும் என்று அவர் நினைத்தார். வேண்டிக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். சரிந்தால் வண்டிக்கு ஒரு வழி உண்டு. தான் சொன்னதற்கும் ஒரு வழி உண்டு.

ஹக்கீம் பக்கத்தில் இருந்து என்னவோ சொன்னார். உறுமலில் அது கரைந்துபோயிற்று. "இப்ப பேசாதீங்க பாய், முள்ளைப் பாக்கணும்" என்றார் சோலைமலை.

அடுத்த வளைவில் ரோடு செங்குத்தாக எழுந்தது. பாரம் பின்னுக்கு இழுத்தது. காலை முழுக்க மிதித்தார். உறுமல் கனத்தது. விசில் இல்லை. "செத்துருச்சு பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே முள்ளைப் பார்த்தார்.

முள் இரண்டைத் தாண்டி அசையாமல் நின்றது. எண்ணெய்க்குள் முளையடித்து வைத்தது போல நின்றது.

அவர் கண்ணை எடுக்கவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான், மீட்டரை ஒட்டியிருந்த கண்ணாடியும் அவர் பார்வைக்குள் வந்தது. கண்ணாடிக்குள் ஒரு வெள்ளைக் குட்டி வேன். பகல் வெளிச்சத்தில் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தது. அதன் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கையை ஆட்டினான். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. மற்றொரு கை ஸ்டியரிங்கின் நடுவில் அழுத்தியபடி இருந்தது.

சோலைமலை வண்டியை அகலமான இடத்தில் ஒதுக்கினார். வேன் உரசிக்கொண்டு முந்தியது. அதன் டிரைவர் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டிவிட்டுப் போனான்.

"அந்த வேன்காரன் ஹாரன் அடிச்சானா பாய்?"

ஹக்கீம் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை சோலைமலைக்குத் தெரிந்த பார்வைதான். பிரித்துப் போட்ட பம்புக்குள் சரிசெய்ய முடியாத விரிசலைக் கண்டால் ஹக்கீம் அப்படிப் பார்ப்பார்.

"சாவடியிலருந்து அடிச்சுக்கிட்டே வாரான் சோலை. வழி விடுண்டு நானும் சொன்னேன். வேணும்ண்டே விடமாட்டேங்கிறேண்டு நெனச்சேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சோலைமலை இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விசில்?"

ஹக்கீம் வெளியே பார்த்தார்.

"சொல்லு பாய். ஏறி வந்தப்ப விசில் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எங்கருந்து?"

"முதல் வளைவுலருந்தே. இம்புட்டுக் காரமா உன் வண்டி என்னைக்கும் அடிச்சதில்ல."

சோலைமலை சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். மலை முழுவதும் அமைதியாயிற்று. மரத்திலிருந்து பறவை ஒன்று எழுந்து பறந்தது. அது கத்தியிருக்கும். குக்கருக்குக் கோளாறு ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. டவருக்கும் கோளாறு இல்லை. சண்முகவள்ளி முணுமுணுத்துப் பேசுகிறவள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்கு ஊர் கேட்கிற குரல். டீசல் பில்டர், டேங்க், ஹோஸ், பம்ப் என்று அவர் பிரித்துப் பார்த்த எதிலும் கோளாறு இல்லை. வண்டி நன்றாக இருந்தது. நன்றாக இருந்த வண்டிக்குப் பக்கத்தில், நன்றாக இருந்த சிநேகிதனையும் அவர் பிரித்துப் போட்டிருந்தார்.

 பிறகு ஹக்கீம் சோலைமலையின் தோளைத் தொட்டு, தன் பக்கம் திரும்பவைத்துப் பேசினார். வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதுவே சோலைமலைக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. கீழ போயி நானே சொல்லிர்றேன். பம்புல சின்னக் கோளாறு இருந்துச்சு, மீட்டர் போட்டுக் கண்டுபிடிச்சேன், சரி பண்ணிட்டேண்டு. அம்புட்டுத்தான். நீ வாயைத் தொறக்காத. கண்ணாடியைப் பாத்து, முள்ளைப் பாத்து, மெதுவா இன்னும் ஒரு வருஷம் ஓட்டு."

"ஒன் பேரு?"

"எம் பேரு கெடக்குது. பம்பு வேலையில ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும். எவன் தப்பல?"

சோலைமலை முன்னால் இருந்த வளைவைப் பார்த்தார். பாறை மறைத்த வளைவு. அதில் எதிரே இறங்கி வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது. மேலிருந்து வருகிறவன் ஹாரன் அடிப்பான், கீழிருந்து வருகிறவன் நிற்பான். சிறுமலை ரோட்டில் காலங்காலமாக அதுதான் பேச்சு.

"பின்னாடி வாரவனைக் கண்ணாடி காட்டுச்சு" என்றார். "வளைவுல எதிர்த்தாப்ல வாரவனைக் காட்டுமா பாய்?"

ஹக்கீமும் அந்த வளைவைப் பார்த்தார்.

சோலைமலை கதவைத் திறந்து இறங்கினார். வண்டிக்கு முன்பக்கமாகச் சுற்றி வந்து இடதுபக்கக் கதவருகில் நின்றார். ஹக்கீம் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தார். தன் வண்டியில் அந்தப் பக்கத்துச் சீட்டில் சோலைமலை அதற்குமுன் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் ஹக்கீமின் தோள் மறைத்தது, முள் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் காது டாக்டரிடம் ஜீவிதாதான் கூட்டிக்கொண்டு போனாள். வருஷக்கணக்கில் எஞ்சின் சத்தத்தைத் தின்றதில் நரம்பு போய்விட்டது, கீச்சுச் சத்தம்தான் முதலில் போகும், போனது திரும்பாது என்றார் டாக்டர். காதில் வைக்க மெஷின் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு வீட்டில் பேசுவது கேட்டது. பேத்தி சொன்ன ஒரு முழுக்கதையைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ஆனால் லாரிக்குள் உட்கார்ந்தால் எல்லாச் சத்தமும் ஒரே இரைச்சலாகக் கலந்துகொண்டது. அதிலிருந்து விசிலைப் பிரிக்க முடியவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. ஏற்றத்திலிருந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே அவர் பேச்சாயியின் டீக்கடைக்குப் போனார். லாரிக்காரர்கள் இருந்தார்கள். பொம்மையனும் இருந்தார். ஹக்கீமை அவர் கூப்பிடவில்லை.

"பாய் பம்புல ஒரு குறையும் இல்லப்பா" என்றார். "மீட்டர் போட்டுப் பாத்தாச்சு. முள்ளு அசையல. குறை என் காதுல. காது போயிருச்சு. தெரியாம பாய் மேல சொல்லிட்டேன்."

அவர் நினைத்ததைவிடச் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். ரோட்டில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இன்னொருவர் என்னவோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டி அடக்கினார். பொம்மையன் எழுந்து வந்து சோலைமலையின் கையைப் பிடித்தார். பிடித்த கையில் பாசம் இருந்தது. கண்ணில், நாளைக்கு யாரை வைத்துப் பழம் இறக்குவது என்ற யோசனையும் இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

பேச்சாயி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குனிந்து, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: "சீனி போதுமாண்ணே?"

வழக்கமாக அவரிடம் அவள் அப்படிக் கேட்டதே கிடையாது. எத்தனை கரண்டி என்று அவளுக்குத் தெரியும். "போதும்த்தா" என்றார் சோலைமலை.

லாரியை விற்கவில்லை. சண்முகவள்ளியின் அக்காள் மகன் பழனிக்குமார் ஓட்ட ஒப்புக்கொண்டான். முதல் நாள் மலைக்குப் புறப்படும்போது அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே இறங்கி வந்தான்.

"சித்தப்பா, தப்பா நெனைக்காதீங்க. இந்த மீட்டரு கண்ணாடியை மறைக்குது. வண்டி இழுக்குறதுதான் காதுலயே கேட்குதே, இது எதுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குச் சுட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"கழட்டிரு பாய்" என்றார் சோலைமலை.

ஹக்கீமுக்கு அன்றைக்கு அடிவாரத்துக்கு வரவேண்டிய வேலை எதுவும் இல்லை. வந்திருந்தார். ஹோஸைக் கழற்றி, போல்ட்டின் துளையை அடைத்து, துணியால் துடைத்து ஈரம் பார்த்தார். மீட்டரைச் சோலைமலையிடம் கொடுத்தார். சோலைமலை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முள் சைபரில் படுத்திருந்தது.

லாரி புறப்பட்டது. இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி சாவடியைத் தாண்டியது. முதல் வளைவில் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. சோலைமலை காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எப்படியும் அதில் விசில் கேட்காது. மரங்களைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற ஹக்கீமைப் பார்த்தார்.

ஹக்கீம் மலைப்பக்கம் தலையைச் சாய்த்து, மூச்சுவிடாமல் நின்றார். கிரீஸ் படிந்த விரல் ஒன்று மெதுவாக மேலே எழுந்தது. எழுந்து, அப்படியே நின்றது.

சோலைமலை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், அது இறங்கும் வரைக்கும்.